கிளைக் கூட்டம் எப்போ தம்பி?

பணி ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் என் வீட்டு வாசலுக்கு மூன்று பேர் உறுப்பினர் சேர்க்க வந்துவிட்டார்கள். மூன்று பேரும் வேறு வேறு கட்சி. மூன்று பேர் கையிலும் செல்போன். கடைசியாக வந்த பையன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். "போன் நம்பர் மட்டும் சொல்லுங்க டீச்சர், மத்ததெல்லாம் நானே போட்டுக்கறேன்" என்றான். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

"கிளைக் கூட்டம் மாசத்துல எந்த நாளு தம்பி?"

அவனுக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட்டம்னா, தலைவர் வர்ற கூட்டமுங்களா டீச்சர்?" என்றான்.

மூன்று வருடமாகக் கட்சியில் இருக்கிறான். கொடி கட்டியிருக்கிறான், ஆள் ஏற்றிக்கொண்டு லாரியில் போயிருக்கிறான், தேர்தல் அன்று பூத்துக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் சொந்த ஊரில் சொந்தக் கட்சிக்காரர்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடிவெடுப்பதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்கு அப்படி ஒன்றை யாரும் காட்டவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினேன்.

அப்பா எங்கள் ஊரில் கிளைச் செயலாளராக இருந்தவர். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த வரியோடு நின்றுவிடுவார்கள். பெட்டிக்குள் ரசீதுப் புத்தகங்கள், கார்பன் தாள், காய்ந்துபோன மை ஒத்தி, பிடி உடைந்த ரப்பர் ஸ்டாம்ப், காலிகோ அட்டை போட்ட ஒரு தீர்மானப் புத்தகம். ரசீதுகளில் பாதி என் கையெழுத்து. அப்பா நாலாவது வரைக்கும்தான் படித்தவர். 1974இல் நான் அஞ்சாவது. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். அவர் பேசுவார், நான் எழுதுவேன். சந்தா ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை முழுசாகக் கொடுத்தவர்கள் குறைவு. நாலணா, நாலணாவாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு நாலணாவுக்கும் ரசீதின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு சேர்ந்தால்தான் ரசீதைக் கிழித்துக் கொடுக்கலாம். கோடுகள் இன்னும் அழியவில்லை.

தீர்மானப் புத்தகத்தைப் பிரித்தால், கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மேலிடத்துக்கு எழுதுவது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் கேட்டு மனு. படிப்பகத்து விளக்குக்கு மண்ணெண்ணெய்ச் செலவு. ஒவ்வொன்றுக்கும் கீழே "ஆதரவு 19, எதிர்ப்பு 4" என்பதுபோல ஒரு வரி. அந்த எதிர்ப்பு நாலைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கட்சி, ஒரே ஊர், தண்ணீர் கேட்கும் தீர்மானம். அதற்கும் நாலு பேர் எதிர்ப்பு. அந்த நாலு பேரையும் யாரும் கட்சியை விட்டு நீக்கவில்லை. அடுத்த மாதத் தீர்மானத்துக்குக் கீழேயும் அவர்கள் கையெழுத்து இருக்கிறது.

ஒரு கிளைத் தேர்தல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாரியம்மன் கோயில் மைதானம், வேப்பமரத்தடி. கை தூக்கித்தான் ஓட்டு. ஒன்றியத்திலிருந்து வந்தவர் எண்ணினார். அப்பா மூன்று ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். படிப்பகத்தில் தினமும் பேப்பரை உரக்க வாசிப்பவர் அவர்தான், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே போனார் என்று மத்தியானம்தான் தெரிந்தது. புதுச் செயலாளரோடு சேர்ந்து பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து மறுபடி நின்று ஜெயித்தார்.

அப்பா காலத்தில் உறுப்பினர் அட்டை என்றால் அது ஒரு ஓட்டு. அரசாங்கம் கொடுக்கும் ஓட்டுக்கு முன்னால், கட்சிக்குள் போடும் ஓட்டு. கிளைச் செயலாளரை அது தேர்ந்தெடுத்தது. கிளைக்காரர்கள் ஒன்றியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒன்றியம் மாவட்டத்தை. மேலே போகப் போக அந்த ஓட்டு மெலிந்துவிடும் என்பதும் உண்மைதான். சட்டமன்ற வேட்பாளரை அந்தக் காலத்திலும் தலைமைதான் அறிவித்தது. ஆனால் ஊருக்குப் பிடிக்காத ஆளை நிறுத்தினால் கிளைச் செயலாளர்கள் சேர்ந்து போய் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அப்பா ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டு வந்தவர்.

அந்தக் காலம் எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. படிப்பகத்தில் பெண் என்று போனவள் நான் ஒருத்திதான், அதுவும் சின்னப் பிள்ளை என்பதால். வயதுக்கு வந்ததும் அப்பாவே, "இனி நீ வர வேண்டாம் சாமி" என்று சொல்லிவிட்டார். என் கையெழுத்து நின்ற பக்கம் புத்தகத்தில் தெரிகிறது. அதற்குப் பிறகு என் தம்பியின் கோழிக் கிறுக்கல். அம்மா ஒருநாளும் உறுப்பினராக இருந்ததில்லை. ஊர் டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தில் படிப்பகத்தில் எல்லாருக்கும் ஒரே பெஞ்சு. அதைப் பெருமையாகச் சொல்வேன். ஆனால் காலனிக்காரர் யாரும் கிளைச் செயலாளர் ஆனதில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களிடம் வாங்கிய நாலணாவுக்கும் நான்தான் கோடு போட்டேன்.

எப்போது முடிந்தது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. பெட்டியிலிருக்கும் கடைசி ரசீது 1993. அதற்கு முன்பே "ஆதரவு, எதிர்ப்பு" வரி காணாமல் போய் "ஒருமனதாக" என்ற சொல் வந்துவிட்டது. பிறகு கிளைத் தேர்தலே இல்லை. மேலிருந்து பட்டியல் வந்தது, பட்டியலில் பெயர் இருப்பவர் செயலாளர். பதவி கொடுத்தவர் மேலே இருக்கிறார் என்றால், ஆள் மேலே பார்த்துத்தானே நிற்பான்? கீழே இருப்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் போய்விட்டது. சாலை, வாய்க்கால் காண்ட்ராக்ட் பேசுகிறவர்கள் கிளைக்குள் வந்தார்கள். அப்பாவை யாரும் நீக்கவில்லை. அந்த வருடம் புதுப்பிக்க யாரும் வரவில்லை, அவரும் போய்க் கேட்கவில்லை. அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேல் இருந்த உறவு ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்தது. இறந்தபோது கட்சிக்கொடி போர்த்த ஆள் வந்தது. வந்தவருக்கு அப்பா பெயர் தெரியவில்லை.

இன்னொரு காரணம் நல்ல காரணம். முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை எதற்கும் அந்தக் காலத்தில் கட்சிக்காரர் கூட வர வேண்டும். தாலுகா ஆபீசில் பேசத் தெரிந்தவர் அவர்தான். இன்று இ-சேவை மையத்தில் காசு கட்டி விண்ணப்பிக்கிறோம், பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. யாருக்கும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. இது பெரிய விடுதலை. மறுபடி யார் பின்னாலும் போய் நில்லுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் காகிதத்தில் உறுப்பினர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. "ஒன்றரைக் கோடித் தொண்டர்கள்" என்பது ஜெயலலிதா காலத்திலிருந்து அதிமுக மேடைகளில் கேட்டுப் பழகிய சொல். 2024 மக்களவைத் தேர்தலில் அக்கட்சி வாங்கிய வாக்கு சுமார் 89 லட்சம். கூட்டணிக்கு விட்ட தொகுதிகளைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. 2014 நவம்பரில் பாரதிய ஜனதா மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்றது. அடுத்த சில மாதங்களில் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டோம் என்று அறிவித்தது. அப்புறம், கால் கொடுத்தவர்கள் யார் யார் என்று வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தனியாக ஒரு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. 2025இல் திமுக வாக்குச்சாவடிக்கு 30 சதவீத வாக்காளரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஒரே ஆள் இரண்டு மூன்று கட்சியில் உறுப்பினராக இருப்பது இப்போது சாதாரணம். என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. வந்தவன் தெரிந்த பையன், நம்பர் கேட்டான், கொடுத்தார்கள். பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சிக்கு 1953இல் 28 லட்சம் உறுப்பினர். இப்போது ஒன்றரை லட்சம்கூடத் தேறவில்லை. அங்கே எண்ணிக்கை கண்ணுக்கு முன்னால் கரைந்தது. இங்கே எண்ணிக்கை உப்பியது, உள்ளே இருந்த உறுப்பினர் என்ற பொருள் கரைந்துவிட்டது.

இப்படி எல்லாக் கட்சிப் பட்டியலிலும் பெயர் இருக்கும் மனிதர்கள் உண்மையில் எந்தக் கட்சியும் இல்லாதவர்கள். ஓட்டைத் தானே யோசித்துப் போடுகிறவர்கள். அவர்களை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் தேர்தல் பணி எனக்கு எப்போதும் உண்டு. நடத்தை விதிப்படி எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினராக இருக்க முடியாது. சட்டமே என்னைக் கட்சி சாராதவளாக வைத்திருந்தது.

2020 ஜனவரி 2, ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. கிராமத்தில் ஒரு வாக்காளருக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பின் இரண்டிலும் உண்டு. பெட்டியைக் கவிழ்த்து நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். நிறையப் பேர் நாலையும் ஒன்றாக மடித்தே போட்டிருப்பார்கள். யாருடையது என்று தெரியாது, ஆனால் ஒரு கை மடித்தது என்று தெரியும். அந்த மடிப்புகளைப் பிரித்தபோதுதான் பச்சையில் ஒரு கட்சி, மஞ்சளில் அதன் எதிர்க்கட்சி என்று விழுந்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றிரண்டு என்றால் கை தவறியது என்று விட்டுவிடலாம். வந்துகொண்டே இருந்தது. முத்திரை சின்னத்தின் நடுவில் அழுத்தமாக, தெளிவாக. கவுன்சிலருக்கு இந்த ஆள் நல்லவன், மாவட்டத்துக்கு அந்தப் பெண் வரட்டும் என்று நின்று நிதானித்துப் போட்ட ஓட்டு.

அதற்கு முந்தைய ஏப்ரலில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் திமுக 5 லட்சத்து 38 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்குள் அடங்கிய நிலக்கோட்டையில் அதே நாள், அதே வாக்குச்சாவடியில் சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. அதில் ஜெயித்தது அதிமுக. டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று என்று பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் இரண்டு முடிவு எடுத்திருக்கிறார்கள். "சனங்க காசு வாங்கிட்டு ஓட்டுப் போடறாங்க" என்று ஒரே வரியில் பேசுகிறவர்கள் நிலக்கோட்டைக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி மகள், அங்கே வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று கேட்பார்கள் என்றாள். அவள் எதிலும் சேராதவள் என்று பதிந்தாள். அவளைப்போல நிறையப் பேர்: 2024இல் கேலப் நிறுவனக் கணக்கெடுப்பில் 43 சதவீத அமெரிக்கர்கள் தங்களைச் சுயேச்சை என்றார்கள், இரண்டு பெரிய கட்சிகளும் ஆளுக்கு 28. ஆனால் அந்தச் சுயேச்சைகளில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்தான். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டுமானால் அவளும் ஏதாவது ஒரு கட்சியைச் சொல்லியாக வேண்டும். "அத்தே, நிக்கறவங்க யாருன்னு முடிவு பண்றது அங்கதான். வெளிய நின்னா மிச்சம் இருக்கறதுலதான் பொறுக்கணும்" என்றாள்.

அவள் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவளுக்காவது உள்ளே போக ஒரு கதவு இருக்கிறது. நமக்கு? 2021 சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராக விரும்புகிறவர்கள் கட்ட வேண்டிய விருப்ப மனுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு திமுகவில் 25,000 ரூபாய், அதிமுகவில் 15,000. பிறகு சென்னையில் நேர்காணல். என்ன கேட்டார்கள், எதை வைத்து ஒருவரை எடுத்தார்கள், எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்டார்களா, எதுவும் கிளைக்குத் தெரியாது. கோடி உறுப்பினர் என்கிறார்கள். வேட்பாளர் யார் என்று தேர்ந்தெடுக்க அந்தக் கோடிப் பேரில் ஒருவர்கூட ஓட்டுப் போடுவதில்லை. அட்டை வைத்திருப்பவனும் நானும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். பட்டியல் டிவியில் ஓடும்போது தெரிந்துகொள்கிறோம்.

கட்சி வேண்டாம், சுயேச்சையாக நல்லவர் நிற்கட்டும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதையும் பார்த்தாயிற்று. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று கூட்டங்கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டி வந்தது. தேர்தலையே தள்ளி வைத்தார்கள். என் அம்மிச்சி அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பித் தன் சின்னத்தைத் தேடிய கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஜெயித்தவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். நாடு பதில் சொன்ன விதம் என்ன? அதே வருடம் டெபாசிட்டை உயர்த்தினார்கள். இன்று அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 பேரில் 62 பேர் சுயேச்சைகள். 2021இல் 234 பேரில் ஒருவர்கூட இல்லை. கட்சி சாராத வாக்காளர் பெருகப் பெருக, கட்சி சாராத உறுப்பினர் சபையில் இல்லாமலே போய்விட்டார்.

நோட்டா 2013இல் வந்தது. பலமுறை அது பொத்தானாக இருப்பதை மட்டும் பார்த்தேன், யாரையும் அது தோற்கடித்துப் பார்த்ததில்லை.

ஆகவே, "நான் எந்தக் கட்சியும் இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் என் பழைய மாணவர்களிடம் இப்போது நான் வாதாடுகிறேன். நல்லதுதான், யாருக்கும் அடிமை இல்லை. ஆனால் நாம் எல்லாரும் வெளியே வந்தபிறகு உள்ளே யார் இருக்கிறார்கள்? விலைக்கு வாங்க முடிந்தவர்களும், வாங்க வந்தவர்களும். "எதிர்ப்பு 4" என்று எழுத வைத்த அந்த நாலு பேர் இல்லாத கட்சிதான் நமக்கு வேட்பாளரைக் கொடுக்கிறது. கட்சிக்குள் உண்மையாகத் தேர்தல் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2022இல் பிரிட்டனில் சுருங்கிப்போன அந்தக் கன்சர்வேடிவ் கட்சியின் உறுப்பினர்களில் 81,326 பேர் ஓட்டுப் போட்டு நாட்டுக்கே ஒரு பிரதமரைக் கொடுத்தார்கள். அவர் ஐம்பது நாள்கூட நிலைக்கவில்லை. உள்ளே ஓட்டும் வேண்டும், அதைப் போட ஊரும் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்து பயனில்லை.

அந்தப் பையனிடம் அன்று என் நம்பரைக் கொடுத்தேன். "சேர்க்கைக்கு வேண்டாம் தம்பி. கிளைக் கூட்டம்னு ஒண்ணு போட்டீங்கன்னா கூப்பிடு, வந்து உக்கார்றேன்" என்றேன். நம்பரை எப்படிப் பதிகிறான் என்று எட்டிப் பார்த்தேன். "டீச்சர் கூட்டம்" என்று போட்டான்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டான்.

"டீச்சர், ஒன்றியத்துல கேட்டுப் பார்த்தேனுங்க. கிளைக்குன்னு தனியா கூட்டமெல்லாம் வேண்டாம்னுட்டாங்க. அதனால நாங்களே அஞ்சாறு பேரு ஞாயித்துக்கெழமெ சாயந்தரம் வேப்பமரத்துக்கிட்ட உக்காந்து பேசலாம்னு இருக்கறமுங்க. வேற கட்சிப் பசங்களும் ரெண்டு பேரு வர்றாங்க. வாய்க்கால் விசயம்தானுங்க மொதல்ல."

ஐம்பது வருடமாகியும் அதே வாய்க்கால்.

"பொம்பளைங்க யாரு வர்றாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீங்க ஒருத்தர்தானுங்க டீச்சர்."

எதிர்வீட்டில் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கடைமடையில் அவர்களுக்கும் அரை ஏக்கர் இருக்கிறது. வருகிறேன் என்றிருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் கடைசி முப்பது பக்கம் இன்னும் எழுதாமல் இருக்கிறது, அதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.